செய்ய முடியாததைக் கட்டளையிடுவது நியாயமா? (பாவம், நியாயப்பிரமாணம், மனித சுபாவம்)

நடுவழி:

பவுல் ரோமச் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தை வரிசையாக வாசித்து வருகிறேன். மூன்றாம் அதிகாரத்தில் பவுல், நியாயப்பிரமாணத்தின் (கடவுள் கொடுத்த சட்டத்தின்) கிரியைகளால் யாரும் நீதிமானாக முடியாது, அதனால் வருவது பாவத்தைப் பற்றிய அறிவுதான் என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில், ஒரே மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்கிறார். ஏழில் போய், “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று புலம்புகிறார்.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு இடிக்கிறது. பிறக்கும்போதே கோணலாகப் பிறக்கிறேன். நேராக நட என்கிறது சட்டம். நடக்க முடியவில்லை என்றால் தண்டனை. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளையைச் சிறையில் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-இல் கடவுளே சொல்கிறாரே?

“விசுவாசித்தால் புரியும்” என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள்.

ஐயவாதி:

நான் நம்பிக்கையாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஒருவன் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொன்னால், அவனால் அதைச் செய்ய முடியும் என்பது அதிலேயே அடங்கியிருக்க வேண்டும். ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டின் அறநெறி முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1793-இல் மதத்தைப் பற்றி எழுதிய நூலில் அதே காண்ட், மனிதனுக்குள் தீமையை நோக்கிய ஒரு சாய்வு வேரிலேயே இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். பிறகு அந்தச் சாய்வையும் மனிதன் தானாகத் தேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சமாளிக்கிறார். உங்கள் இறையியலாளர்கள் இதைவிட நன்றாகச் சமாளிக்கிறார்களா, பார்க்கலாம்.

மறைக்கல்வி ஆசிரியை:

நடுவழி, உங்கள் கடன் உவமையில் ஒரு திருத்தம். கத்தோலிக்கப் போதனைப்படி பிள்ளையைச் சிறையில் யாரும் போடவில்லை. அப்பா சொத்தை அழித்துவிட்டார், பிள்ளை ஏழையாகப் பிறந்தது. அது இழப்பு. குற்றம் அல்ல.

1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (பத்திகள் 404, 405) இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிறப்பிலே வரும் பாவம் நாம் செய்த செயல் அல்ல, நாம் பெற்றுக்கொண்ட ஒரு நிலை. ஆதாமின் வழிவந்த யாருக்கும் அது சொந்தக் குற்றமாக எண்ணப்படுவதில்லை. முதல் பெற்றோருக்கு இருந்த தூய்மையும் நீதியும் நமக்கு இல்லாமல் போயின. அதனால் சுபாவம் காயப்பட்டிருக்கிறது. முழுக்க அழுகிப்போகவில்லை.

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற பிறகும் தீய நாட்டம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. 1546-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் இதை விவாதித்து, அந்த நாட்டம் பாவத்திலிருந்து வருகிறது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் அதுவே உண்மையான அர்த்தத்தில் பாவம் அல்ல என்று முடிவு செய்தது. சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவை முறிக்கும் பாவம், என்று சொல்ல மூன்றும் சேர வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, மனமொப்பிய சம்மதம். எசேக்கியேலோடு இதில் மோதல் எங்கே?

உபதேசியார் (ஓய்வு):

சிஸ்டர், மோதல் எசேக்கியேலோடு இல்லாமல் இருக்கலாம். மலைப்பிரசங்கத்தோடு இருக்கிறது. கொலை செய்தவனை மட்டுமா ஆண்டவர் குற்றவாளி என்கிறார்? சகோதரனைக் கோபித்துக்கொள்பவனும் நியாயத்தீர்ப்புக்கு ஏதுவாகிறான். இச்சையோடு பார்த்தவன் இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று. பத்துக் கட்டளைகளில் மற்றவை வெளிச் செயலைத் தொடுகின்றன என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும், “இச்சியாதிருப்பாயாக” என்பது நேராக உள்ளே கை வைக்கிறது. ரோமர் 7:7-இல் பவுல் தன்னை உடைத்துப்போட்டதாக எடுத்துக்காட்டும் கட்டளையும் அதுதான். சம்மதம் கொடுத்தால்தான் பாவம் என்றால் இந்தக் கட்டளைக்கு வேலையே இல்லை.

அதனால்தான் லூத்தரன் சபைகளின் 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, இரண்டாம் பிரிவிலேயே, தேவபயம் இல்லாமலும் தேவன்மேல் நம்பிக்கை இல்லாமலும் இச்சையோடும் பிறக்கிறோம், இந்த நோயே மெய்யான பாவம் என்றது. நான் இந்தப் பக்கம்தான். “சம்மதிக்கவில்லை, அதனால் குற்றமில்லை” என்று மனதுக்குள் கணக்கு எழுத ஆரம்பித்தால் அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், துறவி மடத்தில் அதைத்தான் செய்து நொந்துபோனார்.

ஐயவாதி:

இது நடுவழியின் கேள்வியை இன்னும் மோசமாக்குகிறது, ஐயா. செய்யாத செயலுக்கும் கேட்காமல் வந்த ஆசைக்கும் சேர்த்துப் பொறுப்பா?

மௌனவாசகி:

பல நாள் வாசித்துவிட்டுப் போகிறவள். இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தச் சண்டைக்கு 1600 வயது.

நடுவழி கேட்டதை அப்படியே கேட்டவர் பெலாஜியுஸ். பிரிட்டனிலிருந்து வந்தவர். ரோமில் துறவு ஒழுக்கத்தோடு வாழ்ந்து, பெரிய குடும்பத்தார் பலருக்கு ஆன்மிக ஆலோசகராக இருந்தவர். ‘கள்ளப்போதகர்’ என்று ஒரே வார்த்தையில் அவரைத் தள்ளிவிடுவது நம் பழக்கம். ஆனால் அவர் கவலை நியாயமானது. கிறிஸ்தவம் அரசாங்க மதமாகி, ஞானஸ்நானம் வாங்குவது கௌரவமாகிவிட்ட காலம். வாங்கியவர்கள் பழையபடியே வாழ்ந்தார்கள். கேட்டால், “என்ன செய்வது, மனுஷன் பலவீனன்” என்பார்கள். அந்தச் சாக்கைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சுமார் 413-இல் தெமேத்ரியாஸ் என்ற இளம்பெண் துறவு ஏற்றபோது எழுதிய கடிதத்தில், ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மனித சுபாவத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை முதலில் காட்டுவதே தன் வழக்கம் என்கிறார். நல்ல ஆசிரியர் பேசுகிற பேச்சு.

வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் தன் ‘அறிக்கை’ நூலில் எழுதிய ஒரு ஜெபத்தை, வேறொரு ஆயர் இந்த மனிதர் முன்னால் சொன்னார். நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு உமக்கு விருப்பமானதைக் கட்டளையிடும் என்பது அதன் சாரம். பெலாஜியுஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னவரோடு கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டார் என்று அகுஸ்தீன் கடைசிக் காலத்தில் நினைவுகூர்கிறார். கோபத்துக்குக் காரணம் புரிகிறது. கட்டளையிடுகிறவரே அதை நிறைவேற்றியும் தர வேண்டும் என்றால் கட்டளை எதற்கு, நான் எதற்கு?

415-இல் பாலஸ்தீனத்தில் ஆயர்கள் கூடிய தியோஸ்போலிஸ் சங்கத்தில் பெலாஜியுஸ் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 418-இல் கார்த்தேஜ் சங்கமும் பிறகு போப்பாண்டவரும் அவரைக் கண்டித்தார்கள். 431-இல் எபேசு பொதுச்சங்கம் அவருடைய கூட்டாளி செலஸ்தியுஸின் போதனையையும் தள்ளியது. ஆக, ஒரே நாளில் முடிந்த வழக்கு அல்ல.

அகுஸ்தீன் தரப்பின் பலம் தத்துவத்தில் இல்லை என்பது என் எண்ணம். பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை எழுதுகிறாரே, அதில் இருக்கிறது. பசி இல்லை. தன்னிடமே அதைவிட நல்ல காய் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். அப்புறம் ஏன்? தப்பு என்பதாலேயே அது இனித்தது. கூட்டாளிகள் இல்லாவிட்டால் செய்திருக்கவும் மாட்டார். சுபாவம் வலிமையானது, சரியானதைக் காட்டிவிட்டால் போதும் என்கிறவரிடம் இந்தத் திருட்டுக்கு விளக்கம் கிடையாது. அறிவுக் குறை இல்லை, தேவையும் இல்லை. அன்பு தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது. இதைச் சட்டத்தால் சுட்டிக்காட்ட முடியும். திருப்ப முடியாது.

நடுவழி:

இது எனக்கு உதவுகிறது. ஆனால் நியாயம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. திருப்ப முடியாது என்று தெரிந்தும் திரும்பச் சொல்வது ஏன்?

உபதேசியார் (ஓய்வு):

“முடியாது” என்பதில் இரண்டு வகை உண்டு தம்பி. 1754-இல் அமெரிக்கப் போதகர் ஜொனத்தான் எட்வர்ட்ஸ் இதைப் பிரித்துக் காட்டினார். கால் இல்லாதவனை ஓடச் சொன்னால் அது அநியாயம். இது இயல்பில் இல்லாத திறன். இன்னொருவனுக்குக் காலும் இருக்கிறது, வழியும் இருக்கிறது, போக மனமில்லை. அந்த மனமின்மை எவ்வளவு பலமாக இருந்தாலும் அவனை நிரபராதி ஆக்காது. ஒருவன் தன் சகோதரனை அவ்வளவு வெறுக்கிறான், நல்ல வார்த்தை சொல்லவே அவனால் முடியவில்லை. பாவம், வெறுப்பு அதிகம், அதனால் குற்றம் குறைவு என்று நாம் தீர்ப்பு சொல்வோமா? வெறுப்பு கூடக் கூடக் குற்றமும் கூடுகிறது என்போம்.

இன்னொன்று. கட்டளைகளின் கட்டளை எது? உன் தேவனிடத்தில் முழு இருதயத்தோடு அன்புகூரு (உபாகமம் 6:5), பிறனிடத்தில் உன்னைப்போல அன்புகூரு (லேவியராகமம் 19:18). அன்பு செலுத்துவதற்குத் தனியாக ஒரு உறுப்பு தேவையில்லை. இருப்பதை வேறு திசையில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஐயவாதி:

எட்வர்ட்ஸ் கெட்டிக்காரர். ஆனால் அந்த வெறுப்பு எனக்குப் பிறப்பிலேயே ஊட்டப்பட்டது என்றால்? ஒரு கூட்டத்தை வெறுக்கச் சொல்லியே வளர்க்கப்பட்டவனை நான் கண்டிப்பேன், சரி. ஆனால் தானாகத் தேடிப்போய் வெறுத்தவனைக் கண்டிக்கும் அளவுக்குக் கண்டிக்க மாட்டேன். எந்த நீதிபதியும் வளர்ந்த சூழலைக் கணக்கில் எடுப்பார். உங்கள் கடவுள் எடுப்பாரா?

மறைக்கல்வி ஆசிரியை:

எடுப்பார் என்றுதான் லூக்கா 12:47, 48 சொல்கிறது. எஜமானின் விருப்பத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அதிக அடி, அறியாமல் செய்தவனுக்குக் கொஞ்சம். எவனிடத்தில் அதிகம் கொடுக்கப்பட்டதோ அவனிடத்தில் அதிகம் கேட்கப்படும். யாக்கோபு 4:17-உம் அப்படித்தான்: நன்மை செய்ய அறிந்திருந்தும் செய்யாமற்போனால் அது பாவம். பொறுப்பு அறிவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

கிழக்கு ஜன்னல்:

ஆர்த்தடாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லாரும் நீதிமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறீர்கள். யார் குற்றவாளி, எவ்வளவு தண்டனை. கீழைத் திருச்சபை பெரும்பாலும் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறது. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கேடும். குற்றம் வரவில்லை. சாவுக்குப் பயந்து வாழ்கிறவன் பிடித்துக்கொள்கிறான், பதுக்குகிறான், அடுத்தவனை மிதிக்கிறான். எபிரெயர் 2:15 மரணபயத்தை அடிமைத்தனம் என்கிறதல்லவா? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் மனுவுருவாதலை (கடவுள் மனிதரானதை)ப் பற்றி எழுதியதை வாசித்தால், மனிதன் அழிவுக்குள் சரிந்துகொண்டிருக்கிறான், படைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருடைய நன்மைக்குத் தகுமா என்பதுதான் அவர் கவலை என்பது தெரியும்.

நடுவழி முதல் பதிவில் எழுதியதில் எனக்கு உறுத்தியது வேறு. கோணல்தான் என் சுபாவம் என்பது போல எழுதினார். இல்லை. கிறிஸ்து நம்மைப் போல முழு மனிதர், ஆனால் பாவமில்லாதவர் (எபிரெயர் 4:15). மனித சுபாவத்தில் பாவமும் ஒரு பகுதி என்றால், ஒன்று அவர் முழு மனிதர் இல்லை, அல்லது பாவமில்லாதவர் இல்லை. கிறிஸ்துவுக்கு மனித சித்தமும் உண்டு என்று வாதாடியதற்காகத் துறவி மாக்சிமுஸின் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். 662-இல் அவர் அங்கேயே இறந்தார். 680, 681-இல் கூடிய ஆறாம் பொதுச்சங்கம் அவர் சொன்னதைத்தான் உறுதி செய்தது: மனித சித்தம் தன்னளவில் கடவுளுக்கு எதிரி அல்ல. பாவம் செய்யும்போது நான் என் சுபாவத்தின்படி நடக்கவில்லை, அதற்கு எதிராக நடக்கிறேன். அப்படிப் பார்த்தால் கட்டளை எனக்கு அந்நியமான ஒன்றை என்மேல் திணிக்கவில்லை. நான் எதற்காக உண்டாக்கப்பட்டேனோ அதைத்தான் கேட்கிறது.

உபதேசியார் (ஓய்வு):

கடைசிப் பத்திக்கு ஆமென். புரோட்டஸ்டண்ட்டுகள் மனித சுபாவமே பாவம் என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அதனால் ஒரு விவரம். 1560-இல் வைமார் நகரில் நடந்த விவாதத்தில் ஃப்ளாசியுஸ் என்ற லூத்தரன் அறிஞர், விழுந்துபோன மனிதனின் சாராம்சமே ஜென்மபாவம்தான் என்று பேசினார். லூத்தருக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்ற வேகத்தில் எல்லை தாண்டிவிட்டார். அவருடைய சொந்தக் கட்சியே அதை ஏற்கவில்லை. லூத்தரன் சபைகளின் அறிக்கையான 1577-இன் இணக்க வாக்கியம் முதல் பிரிவிலேயே இதைத் தள்ளியது. சுபாவம் தேவனுடைய படைப்பு, அதைக் கெடுத்தது பாவம், இரண்டையும் பிரித்தே பேச வேண்டும். பிரிக்காவிட்டால் பாவத்தைப் படைத்தவர் தேவன் என்றாகிவிடும், அல்லது பிசாசுக்கும் படைக்கும் வல்லமை உண்டு என்றாகிவிடும்.

ஆனால் ‘குற்றம் வரவில்லை’ என்பதில் நான் உங்களோடு இல்லை. ஒரே மீறுதலினால் எல்லா மனிதருக்கும் ஆக்கினைத்தீர்ப்பு என்று ரோமர் 5:18 சொல்கிறது. மரணம் மட்டும் வந்தது என்று அதை வாசிக்க முடியாது.

ஐயவாதி:

அப்படியானால் பிறந்த குழந்தையின் கதி? இந்த இடத்தில்தான் எல்லாரும் மெதுவாக நழுவுவீர்கள்.

மௌனவாசகி:

அகுஸ்தீன் நழுவவில்லை. நழுவியிருக்கலாம் என்று நானே ஆசைப்பட்டிருக்கிறேன். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளுக்கும் ஆக்கினை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசானது என்றார். பெலாஜியுஸ் பக்கம் நின்ற எக்லானும் நகரின் ஆயர் ஜூலியன் இதைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தண்டிப்பவர் நீதியுள்ள கடவுளா என்று விடாமல் கேட்டார். 430-இல் அகுஸ்தீன் இறந்தபோது ஜூலியனுக்கு எழுதிக்கொண்டிருந்த பதில் பாதியில் நின்றது. ஜூலியனின் மற்றக் கருத்துகள் எப்படியோ, இந்தக் கேள்வியில் அவர் பக்கம் கனம் இருக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியை:

எங்கள் பக்கம் இடைக்காலத்தில் ‘லிம்போ’ என்றார்கள். வேதனை இல்லை, ஆனால் கடவுளைக் காணும் பேரின்பமும் இல்லை. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, அப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் நிச்சயமான அறிவு நமக்கு இல்லை என்று எழுதியது. இதை நழுவல் என்றால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்பது எனக்குப் போதும்.

புதுவரவு:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நியாயப்பிரமாணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பத்துக் கட்டளையா, மோசேயின் ஆகமங்களில் இருக்கும் எல்லாச் சட்டமுமா? பன்றி இறைச்சிச் சட்டமும் சேர்த்தியா?

உபதேசியார் (ஓய்வு):

சுருக்கமாக: ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், இஸ்ரவேலின் அரசாங்கச் சட்டம் என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸிலும் உண்டு, ஆங்கிலிக்கன் 39 பிரமாணங்களில் ஏழாவதிலும் உண்டு. முதலாவது எல்லாருக்கும், எக்காலத்துக்கும். விருத்தசேதனம் புறஜாதியாருக்கு (யூதரல்லாதாருக்கு)க் கட்டாயமில்லை என்று அப்போஸ்தலர் 15-லேயே முடிவாயிற்று. ஆகமங்களைப் பெறாத ஜாதிகளின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்கிறது ரோமர் 2:15.

அதன் வேலை என்ன என்று கேட்டால் சீர்திருத்தவாதி கால்வின் மூன்று சொல்வார். என் முகத்தை எனக்குக் காட்டுவது, கெட்டவனைக் கொஞ்சமாவது அடக்கி வைப்பது, விசுவாசிக்கு வழி காட்டுவது. மூன்றாவதுதான் முக்கியம் என்பது அவர் கருத்து. லூத்தருக்கு முதலாவது. ஆனால் விசுவாசிக்குச் சட்டமே தேவையில்லை என்று அவருடைய நண்பர் அக்ரிகோலா கிளம்பியபோது, 1537 முதல் அவரை எதிர்த்து விவாதம் நடத்தியதும் லூத்தர்தான்.

நெறியாளர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒருவர் மற்றவரின் சபையை நரகத்துக்கு அனுப்புவது இந்த இழையின் தலைப்பு அல்ல. தொடருங்கள்.

நடுவழி:

எனக்கு ஓரளவு தெளிகிறது. சட்டம் கேட்பது என் திறனுக்கு வெளியே இருக்கிற ஒரு வேலையை அல்ல, நான் உண்டாக்கப்பட்ட விதத்தை. அதைச் செய்ய முடியாமல் போவது என் கெடுதலின் அளவைக் காட்டுகிறது. உதவி இல்லாமல் தண்டனை மட்டும் என்றால் அநியாயம், ஆனால் உதவியும் அதே கையிலிருந்து வருகிறது என்பது வாதம். அகுஸ்தீனின் ஜெபம் இப்போது புரிகிறது. ஐயவாதியின் குழந்தைக் கேள்வி மட்டும் என்னிடம் அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. ஏழாம் அதிகாரத்தில் புலம்புகிற அந்த ‘நான்’ யார்? இரட்சிக்கப்படுவதற்கு முந்தைய பவுலா, பிந்தைய பவுலா?

உபதேசியார் (ஓய்வு):

பிந்தையவர். 14-ஆம் வசனத்திலிருந்து நிகழ்காலத்தில் பேசுகிறார். “உள்ளான மனுஷனுக்கேற்றபடி” தேவனுடைய நியாயப்பிரமாணத்தின்மேல் பிரியமாயிருக்கிறேன் என்று மனந்திரும்பாதவன் சொல்ல மாட்டான்.

கிழக்கு ஜன்னல்:

கிரேக்கப் பிதாக்களில் பெரும்பாலோர் அப்படி வாசிக்கவில்லை. பாவத்துக்குக் கீழாக விற்கப்பட்டவன் என்று அதே 14-ஆம் வசனம் சொல்கிறது. அதற்கு முந்தைய அதிகாரமோ பாவத்தினின்று விடுதலையாக்கப்பட்டீர்கள் என்கிறது. அந்த இருவரும் ஒரே ஆள் எப்படி? சட்டத்தின் கீழே, கிருபைக்கு வெளியே நிற்கிறவனின் குரலைப் பவுல் எடுத்துப் பேசுகிறார்.

மௌனவாசகி:

அகுஸ்தீனே இரண்டு பக்கமும் நின்றவர். முதலில் கிழக்கு ஜன்னல் சொல்வதைப் போலத்தான் எழுதினார். பெலாஜியுஸோடு மோதிய வருஷங்களில், இது கிருபைக்குள் இருக்கிறவனின் போராட்டமும்தான் என்று மாறினார். மாறியதைத் தன் நூல்களை மறுபார்வை பார்த்து எழுதிய நூலில் பதிவும் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மறுபடி பழைய வாசிப்புக்குப் போனார்.

நான் உபதேசியார் ஐயா பக்கம் சாய்கிறேன், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. 24-ஆம் வசனத்தில் “யார் என்னை விடுதலையாக்குவார்” என்று கேட்கிறார். அடுத்த வசனத்தின் முதல் பாதியில் இயேசு கிறிஸ்துவின் மூலமாகத் தேவனுக்கு நன்றி. அங்கே முடித்திருந்தால் கிழக்கு ஜன்னல் சொல்வது சரி. முடிக்கவில்லை. நன்றி சொன்ன பிறகும், மனதினால் தேவனுடைய பிரமாணத்துக்கும் மாம்சத்தினால் பாவப்பிரமாணத்துக்கும் ஊழியம் செய்கிறேன் என்று எழுதிவிட்டுத்தான் எட்டாம் அதிகாரத்துக்குப் போகிறார்.

கிழக்கு ஜன்னல்:

அந்தக் கடைசி வரி முழு வாதத்தின் சுருக்கம், நன்றிக்குப் பிந்தைய நிலை அல்ல என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. எட்டின் முதல் நான்கு வசனங்களையும் அதோடு ஒட்டி வாசித்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.